ஜெப நேரத்தில் திரையை அணைக்கவும்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. எங்கள் சபைப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, பத்திரிகையின் ஆசிரியர் என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "கிறிஸ்தவர்களும் செயற்கை நுண்ணறிவும்: விசுவாசத்தைக் காத்துக்கொள்ளப் பத்து ஆலோசனைகள்." தலைப்பை அவரே வைத்துவிட்டார். பத்து என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். மிச்சம் மட்டும் என் பொறுப்பு.

நான் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். மாலையானால் எழுத்துகள் எல்லாம் சுவரேறும் எறும்பு போலத் தெரியும். அதற்கு மேல் கதைகளும் எழுதுவேன் என்பதால் சபையில் எனக்கு "எழுதுறவர்" என்று பெயர். அலுப்பாக இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் சொன்னார்.

"ரொம்பச் சிரமப்படாதீங்க. அந்த மெஷின்கிட்டயே கேட்டா அஞ்சு நிமிஷத்துல குடுத்துடும். நீங்க கொஞ்சம் நம்ம நடைக்கு மாத்திட்டாப் போதும்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சிரிக்க எனக்கும் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். இயந்திரம் சொல்லும் வசனத்தை வேதாகமத்தைத் திறந்து சரிபார்க்கவும் என்று ஒன்று எழுதினேன். அது தரும் பதிலைத் தேவனின் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு. மனிதரிடம் பேச வேண்டியதை மனிதரிடமே பேசவும் என்று மூன்று. மூன்றும் உண்மைதான். ஆனால் படித்துப் பார்த்தால் புதிதாக வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் கையேடு போல இருந்தது.

நான்காவதாக "ஜெப நேரத்தில்" என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. அந்த இரண்டு சொற்களை எழுதியதுமே, சபையில் ஆர்கன் வாசிக்கும் ஆர்கன் அக்காவின் முகம் வந்து முன்னால் நின்றுவிட்டது. அதனால் கட்டுரையை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்து ஆலோசனைக்காக வந்தவர்கள் மன்னிக்கவும். மூன்றை வாங்கிக்கொண்டு போகலாம். என்னிடம் அவ்வளவுதான்.

2

எங்கே ஆரம்பிப்பது என்று இரண்டு முறை முயன்றேன்.

முதல் ஆரம்பம்: ஆண்டவருக்கு எல்லா மொழியும் தெரியும் என்பதை நாம் காலங்காலமாக விசுவாசித்து வருகிறோம்; இப்போது ஓர் இயந்திரத்துக்கும் எல்லா மொழியும் தெரியும் என்னும்போது, நம்முடைய

[விட்டுவிட்டேன். கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் இந்தச் சங்கதிக்கு ஆகாது.]

இரண்டாவது ஆரம்பம்: தச்சரின் காது ஒரே நாளில் போகவில்லை.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

தச்சரின் காது ஒரே நாளில் போகவில்லை. மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றே ஆயுளைக் கழித்தவர் அவர். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக உலகம் தூரமாகப் போனது. கடைசியில் மணி அடிப்பதும் கேட்கவில்லை. ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாஸ்டரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்டருக்கு உதட்டை மூடும் மீசை. பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று பாஸ்டர் ஒரு தாளில் எழுதிக் கேட்டதற்கு, "மீன் தொட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாராம்.

அந்தப் பேச்சு பாஸ்டரைக் குத்திவிட்டது. என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். என் மச்சான் பகலில் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் மைக், விளக்கு, திரை எல்லாம் அவன் பொறுப்பு. பேசுவதைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்கும் ஓர் இயந்திரத்தை அவன் கொண்டுவந்து திரையோடு இணைத்தான். பாஸ்டர் பேசப் பேச, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும்.*

அதன் முதல் ஞாயிற்றுக்கிழமை தச்சரை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் ஏதோ ஒரு சாதாரண வேடிக்கை சொன்னார். சபை சிரித்தது. சிரித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு, எழுத்து திரைக்கு வந்து சேர்ந்ததும், தச்சர் மட்டும் தனியாகச் சிரித்தார். பாஸ்டருக்குக் கண் கலங்கி, அடுத்த வரி மறந்துபோயிற்று.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் இயந்திரத்தை வில்லனாக்கிவிடுவது எனக்கு மிகவும் சுலபம். களைத்துப்போன எழுத்தாளன் சுலபமானதைத்தான் தேடுவான். தச்சரின் அந்தச் சிரிப்பு அதற்கு விடாது.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தப்பும் வரும். "தேவ ஆட்டுக்குட்டி" என்று பாஸ்டர் சொன்னது "தேவ பாட்டுக்குட்டி" என்று வந்தது. பாடகர் குழுவின் சிறுமிகளுக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர்.

3

இனி நர்ஸம்மா. இவரைப் பற்றி எழுதும்போதுதான் என் கை தயங்குகிறது. முதல் பிரதியில் இவருக்குப் பெரிய சோகமான கண்களைக் கொடுத்திருந்தேன். உண்மையில் அவர் கண்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அதனால் அடித்துவிட்டேன். இவர் மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருவரின் மனதுக்குள் நுழைந்து "அவள் நினைத்தாள்" என்று எழுத எனக்கு என்ன உரிமை? எழுத மாட்டேன். வெளியிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அவர் வேறு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். ஆர்கன் அக்காவின் வீட்டிலேயே தங்கி அக்காவின் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. பேச்சு இல்லை, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. படுக்கைப் புண் வராமல் இருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சியைச் சின்னக் கரண்டியால் ஊட்டி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், மறுபடி மாற்ற வேண்டும். அக்கா பகலில் பள்ளியில் கணக்கு டீச்சர். பகல் முழுக்க நர்ஸம்மா. இரவில் பாதி அக்கா, பாதி நர்ஸம்மா. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நர்ஸம்மாவின் விரல் நுனிகள் வெடித்திருக்கும்.

அந்த வீட்டில் இருவரும் போன் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவர் தன் மொழியில் சொல்வார். போன் மற்றவர் மொழியில் திருப்பிச் சொல்லும். சமையலறை மேடையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், அந்தப் போன் மூன்றாவது ஆள் மாதிரி நிற்கும். ஒருமுறை அக்கா "அம்மாவைத் திருப்பிப் போடு" என்றதை அது "அம்மாவைத் திருப்பிக் கொடுத்துவிடு" என்று சொல்லிவிட்டதாம். யாரிடம் கொடுப்பது என்று நர்ஸம்மா கேட்க, இருவரும் படுக்கைக்கு இரண்டு பக்கமும் நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். அக்கா இதை என் மனைவியிடம் சொல்லும்போதும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பக்கத்து வீட்டு அம்மா வந்து நோயாளியோடு இருப்பார். இருவரும் சபைக்கு வருவார்கள். அக்கா ஆர்கன் வாசிப்பார். நர்ஸம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பாட்டுத் தாளைப் புரட்டிவிடுவார். பாட்டு அவருக்குப் புரியாது. இசைக் குறிகள் புரியும். அது எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்.

நர்ஸம்மா மாதிரி வேற்று மொழிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சபைக்கு வர ஆரம்பித்ததும் மச்சான் இயந்திரத்தில் இன்னொரு வசதியையும் திறந்துவிட்டான். எந்த மொழியில் பேசினாலும் அது கண்டுபிடித்து, நம் மொழியில் திரையில் காட்டும். பாஸ்டர் பூரித்துப்போனார். இனி யாரும் இந்தச் சபையில் அந்நியர் இல்லை என்று அறிவித்தார். அவர் மனதாரத்தான் சொன்னார்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் அவரவர் வாயில் வரும் மொழியில் மெதுவாக ஜெபியுங்கள் என்று பாஸ்டர் சொன்னார். சபை முழுக்கக் கண்களை மூடிக்கொண்டது. தூரத்தில் ஓடும் மோட்டார் போல ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

வழக்கமாக அந்த முணுமுணுப்பில் இயந்திரத்துக்கு ஒன்றும் பிடிபடாது. திரை கறுப்பாகவே இருக்கும். அன்று பாடகர் குழுவுக்காக ஆர்கனுக்குப் பக்கத்தில் வைத்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அதற்கு அருகில்தான் நர்ஸம்மாவின் முக்காலி.

நான் கண்களைத் திறந்துதான் வைத்திருந்தேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மூடினால் தூங்கிவிடுவேன்.

திரையில் வெள்ளை எழுத்து வர ஆரம்பித்தது. ஒரு வரி. நின்றது. இன்னொரு வரி. கீழே பொடி எழுத்தில், எந்த மொழியிலிருந்து என்று காட்டும் குறிப்பு. எங்கள் சபையில் அந்த மொழி பேசுகிறவர் ஒரே ஒருவர்தான்.

பின்னால் திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவன்தான் அணைக்க வேண்டும். அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆண்டவரிடம் கேட்க ஏதோ இருந்திருக்கிறது. ஜெபிக்கிறவனைக் கூப்பிடுவதா, வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் மூன்றாவது வரியும் வந்துவிட்டது.

தச்சர் எப்போதும் ஜெபத்தில் கண் மூடுவதில்லை. மூடினால் ஜெபம் எப்போது முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் முழுவதையும் வாசித்தார். மெல்லத் திரும்பி ஆர்கன் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்கன் அக்காவும் கண்களைத் திறந்திருந்தார். ஆமென் சொன்னதும் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். அடுத்த பாட்டின் எண் திரையில் வரும் என்பதால் அவர் பார்வை அங்கேதான் இருந்தது.

பாஸ்டர் "ஆமென்" என்றார். திரையில் இருந்த வரிகள் மறைந்து "ஆமென்" என்று வந்தது. ஆர்கன் வாசிக்கவில்லை. எல்லோரும் கண்களைத் திறந்து காத்திருந்தார்கள். அக்காவின் விரல்கள் கட்டைகளின் மேல் இருந்தன, அமுக்கவில்லை. தாள் தவறிவிட்டதோ என்று நர்ஸம்மா எட்டிப் பார்த்து, சரியான பக்கத்தைப் புரட்டி வைத்து, அக்காவின் முழங்கையை லேசாகத் தொட்டார். அப்போதுதான் பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி தப்பாக வந்தது.

5

[இந்த இடத்தில் திரையில் வந்த மூன்று வரிகளும் இருந்தன. எடுத்துவிட்டேன்.

சங்கதியை மட்டும் சொன்னால் போதும். அந்தப் படுக்கையில் இருக்கும் அம்மாவைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளும்படி அவர் ஆண்டவரைக் கேட்டிருந்தார். தன்னால் முடியவில்லை என்றும் சொல்லியிருந்தார்.]

6

ஆராதனை முடிந்ததும் தச்சர் நேராக மச்சானிடம் போய், ஜெபம் பண்ணும்போது அது ஏன் எழுதுகிறது என்று கேட்டார். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைய எழுத்து எல்லாம் தானாகச் சேமிக்கப்படும். அந்தப் பகுதியை அவன் அங்கேயே நின்று அழித்தான். கண் திறந்திருந்த ஐந்தாறு பேரும் அதைப் பற்றி வெளியே பேசவில்லை. எங்கள் சபையில் அது ஓர் அற்புதம் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாரத்தில் ஒரு மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மச்சான் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். அவனைக் கீழே கூப்பிட்டேன். வந்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். திருத்தி முடித்த விடைத்தாள் கட்டு ஒன்று அவர் மடியில் இருந்தது. அதன் ஓரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே, அது தப்பாகவும் எழுதுமா என்று கேட்டார்.

"எழுதும்க்கா," என்றான் மச்சான். "அது கேட்டதைச் சொல்லாது. கேட்டிருக்கும்னு அது நெனைக்கிறதைச் சொல்லும். அன்னைக்கு அவ்வளவு சத்தத்துல, அந்த பாஷையில... கூப்பிட்டுக்கோங்கறதா இருக்கலாம். அணைச்சுக்கோங்கறதாவும் இருக்கலாம். என்னால சத்தியமா சொல்ல முடியாது."

அவன் அக்காவுக்கு ஒரு வழி திறந்துவிடுகிறான் என்று எனக்குத் தோன்றியது. அணைத்துக்கொள்ளும் என்றால் எல்லாம் சரியாகிவிடும். என் மனைவியும் உடனே அதைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தான் இருக்கும் என்றாள். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற விதத்துக்கு வேறு எப்படிக் கேட்டிருப்பாள் என்றாள்.

அக்கா விடைத்தாள்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அது தப்பா இருக்கணும்னு நான் வேண்டிக்கலை. சரியா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அந்த வீட்ல நான் ஒருத்திதான் அப்படி ஜெபிக்கிறேன்னு இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன்."

மச்சான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அக்கா குடித்தார். பெற்ற தாயைப் பற்றி அப்படி வேண்டிக்கொண்டு மறுநாள் காலையில் அவருக்குத் தலை வாரிவிடுவது எப்படி இருக்கும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

போகும்போது வாசலில் நின்று என் மனைவியிடம், இப்போதெல்லாம் நர்ஸம்மாவோடு பேசப் போனை எடுப்பதே இல்லை என்றார். பயமாக இருக்கிறதாம். தான் சொல்லாததையும் அது சொல்லிவிடுமோ என்று.

[கதை இங்கே நிற்கலாம். ஒரு நல்ல சிறுகதை ஆசிரியர் இந்த வரியில் பேனாவை வைத்துவிடுவார். ஆனால் நர்ஸம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவரைத் தெரியாமலே விட்டுவிட்டு நான் மட்டும் அழகாக முடித்துக்கொள்வது எப்படி?]

7

சபைக் குழு கூடியது. நாற்காலிகளை அடுக்கி வைக்கும் பின்னறையில், அடுக்கிலிருந்து ஆளுக்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். யாருடைய ஜெபம், என்ன ஜெபம் என்பது அங்கே பேசப்படவில்லை. ஜெபத்தைத் திரை காட்டிவிட்டது என்று மட்டும் பாஸ்டர் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் கொதித்துப்போனார். சாத்தானுக்கு நாமே கதவைத் திறந்துவிட்டோம், அந்த இயந்திரத்தைக் கழற்றி எறிய வேண்டும் என்றார். எனக்கு அவருடைய ஐந்து நிமிடக் கட்டுரை யோசனை ஞாபகம் வந்தது. சொல்லவில்லை, சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

மச்சான் நடப்பதையெல்லாம் ஒரு பலகையில் எழுதித் தச்சருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கழற்ற வேண்டும் என்பதை வாசித்ததும் தச்சர், அப்படியானால் தான் மறுபடி வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடைக்குப் போகவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

பிறகு பாஸ்டர் பேசினார்.

"சோர்ந்துபோன வாரத்துல நானும் அந்த மாதிரி மெஷின்கிட்ட பிரசங்கத்துக்குக் குறிப்பு கேட்டிருக்கேன். குடுக்கும். சில சமயம் இல்லாத வசனத்தையும் குடுக்கும், திறந்து பாத்துக்கணும். அது வரைக்கும் சரி. ஆனா இந்தச் சபை ஜனங்களுக்காக அழணும்னா அது நான்தான் அழணும். அங்க அதுக்கு வேலை இல்லை."

கதவைச் சாத்திக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொல்லித்தான் வேதம் நமக்குக் கற்பித்திருக்கிறது. எங்கள் சபையில் அந்தக் கதவு கடைசியில் ஒரு சுவிட்சாக இருந்தது. பிரசங்கத்துக்குத் திரை இருக்கலாம். ஜெபத்துக்கு முன்னால் ஓர் ஆள் எழுந்து போய்த் தன் கையால் திரையையும் எல்லா மைக்குகளையும் அணைக்க வேண்டும். தானாக அணையும்படி செய்துவிடுகிறேன் என்று மச்சான் சொன்னான். வேண்டாம், ஆள்தான் அணைக்க வேண்டும் என்றார் பாஸ்டர். "ஜெப நேரத்தில் திரையை அணைக்கவும்" என்று ஒரு தாளில் எழுதி சுவிட்சுக்கு மேல் ஒட்டினோம்.

திரை இல்லாத நேரத்தில் தச்சர் என்ன செய்வார் என்று பலகையில் எழுதிக் கேட்டார்கள். ஜெபத்தில் தனக்கு என்ன வாசிக்கக் கிடக்கிறது என்றார் அவர். முடிந்ததும் யாராவது தோளைத் தட்டினால் போதும் என்றார். அடுத்த ஞாயிறு அவர் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தோளைத் தட்டியது நான்தான். தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அவர் கண்களைத் திறக்கவில்லை.

8

இங்கே நான் களைத்துவிட்டேன். முடிவு வரவில்லை. நர்ஸம்மாவுக்குச் சொல்வதா, மறைப்பதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

மறைத்த முடிவில் எல்லாம் பழையபடி நடக்கிறது. அக்கா மெல்ல மெல்லப் போனை எடுக்கிறார், கஞ்சியில் உப்பு சரியா என்று கேட்கிறார். சொன்ன முடிவில் நர்ஸம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு, மழையில், பேருந்து நிறுத்தத்தில்

[மழை வேண்டாம். பெட்டியும் வேண்டாம்.]

அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. ஆசிரியர் சொன்னது போல இயந்திரத்திடமே கேட்டால் என்ன? எழுத்துப் பிழை பார்க்க நான் அதைப் பயன்படுத்துகிறவன்தான்; அதில் எனக்கு வெட்கமில்லை. எழுதியது வரைக்கும் மொத்தமாக எடுத்து அதற்குக் கொடுக்கப் போனேன். நடுவில் அந்த மூன்று வரிகள் இருந்தன. கை நின்றுவிட்டது. ஒரு தடவை ஓர் இயந்திரம் ஒட்டுக்கேட்டது போதாதா? இன்னொன்றின் வாயிலும் அந்த ஜெபத்தைப் போடுவதா? வரிகளை எடுத்தேன். எடுத்த பிறகு தோன்றியது: இயந்திரத்துக்குக் கொடுக்காததை உங்களுக்கு மட்டும் கொடுப்பானேன்? உங்களிடமும் அவர் சொல்லவில்லையே. ஐந்தாவது பகுதி அப்படித்தான் அந்த நிலைக்கு வந்தது.

மிச்சத்தைக் கொடுத்ததும் இயந்திரம் கண் இமைப்பதற்குள் முடிவு தந்தது. அந்த அம்மாவின் படுக்கையைச் சுற்றி எல்லோரும் முழங்காலிடுகிறார்கள். ஜன்னலில் வெயில் விழுகிறது. எல்லோரும் எல்லோரையும் மன்னிக்கிறார்கள். பேச்சில்லாத அம்மாகூட ஒரு சொல் பேசுகிறார். ஒரு சந்திப்பிழைகூட இல்லை. பிழை திருத்துகிறவனாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது. ஆனால் அந்த அறையில் யாருக்கும் முதுகு வலிக்கவில்லை. துவைக்க வேண்டிய துணி எதுவும் ஊறிக்கொண்டிருக்கவில்லை. யாருமே களைத்திருக்கவில்லை.

அதனால் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். இதை எழுதலாமா என்று இருவரையும் கேட்டுக்கொண்டேன். அக்கா சரி என்று தலையை ஆட்டினார். நர்ஸம்மா தனக்குத் தெரிந்த நம் மொழியில், "கதை சரி. ஜெபம் வேண்டாம்" என்றார்.

9

ஒரு மாலை நர்ஸம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக வந்ததே இல்லை. என் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் போனை எடுத்துத் தன் மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். குரல் உடைந்திருந்தது. போன் அதை, ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்யும் பெண்ணின் குரலில், கொஞ்சமும் பதறாமல் எங்களுக்குச் சொன்னது.

"அக்கா என்னுடன் பேசுவதில்லை. நான் என்ன தவறு செய்தேன்? என்னை அனுப்பிவிடப் போகிறார்களா?"

பிறகு போனை என் பக்கம் நீட்டினார். எழுதுகிறவன் நான்தானே. பதில் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் போய்ச் சேரும். ஒன்றுமில்லை, அக்காவுக்குப் பள்ளியில் வேலை அதிகம் என்று சொல்லலாம். அதையும் அது அழகாகச் சொல்லும். உங்கள் ஜெபத்தைத் திரையில் வாசித்தோம் என்று சொல்லலாம். அதையும் அதே அழகோடு சொல்லும்.

என் மனைவி அந்தப் போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நர்ஸம்மாவின் கையைப் பிடித்து, "வா, போலாம்" என்றாள். அது புரிய மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மூவருமாக நடந்து அக்காவின் வீட்டுக்குப் போனோம்.

அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். வந்த காரணம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றாள் என் மனைவி. "போன் வேண்டாம்."

"போன் இல்லாம எப்படிச் சொல்றது? அவளுக்கு நம்ம பாஷை கொஞ்சந்தானே தெரியும்?"

"கொஞ்சத்துலயே சொல்லுங்க."

அக்கா எழுந்தார். நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தான் வாசித்ததைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தானும் அதையே ஜெபித்ததைச் சொன்னாரா, எந்தச் சொற்களில் சொன்னார், நர்ஸம்மா எந்தச் சொற்களில் பதில் சொன்னார், அன்று உண்மையில் அவர் கேட்டது கூப்பிட்டுக்கொள்ளும் என்பதா, அணைத்துக்கொள்ளும் என்பதா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. பேச்சு கேட்க ஆரம்பித்தபோது என் மனைவி போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள். நல்லதுதான். திறந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். பிறகு அவள் முன்கூடத்துக்குப் போய், பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தால் பேச்சுக் கொடுக்கத் தயாராக நின்றுகொண்டாள்.

எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். படுக்கையில் இருக்கும் அக்காவின் அம்மாவோடு உட்கார வேண்டும்.

அக்கா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கஞ்சிக் கிண்ணம் பாதியில் இருந்தது. எனக்கு ஊட்டத் தெரியாது. தொண்டையில் ஏறிவிடும் என்று பயம். வாயோரம் இருந்ததை மட்டும் துணியால் துடைத்தேன். தலையணைக்கும் தோளுக்கும் நடுவில் சுருட்டிய துணி ஒன்றைப் பக்குவமாகக் கொடுத்திருந்தார்கள். நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. தலை வாரியிருந்தது. தோல் எங்கும் புண் இல்லை. இத்தனை வருடப் படுக்கைக்குப் பிறகும் இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்ததா, தெரியவில்லையா என்று சொல்ல முடியாத பார்வை. அவருடைய மூச்சு சீராக இல்லை; ஒன்று வந்து, யோசித்து, அடுத்தது வந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இவருக்காக ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றா? யாருக்காக? போதும் என்றா? அதைச் சொல்ல நான் யார்? அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். காகிதம் போல எடையே இல்லை. கண்களை மூடினேன். தூக்கம் வரவில்லை.

கேட்டேன். என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

உங்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்து போகிறேன். கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. சமையலறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. அந்த அம்மா உங்களைப் பார்க்கிறார். நீங்கள் என்ன கேட்பீர்கள் என்பதை என்னிடம் சொல்ல வேண்டாம்.